100 சதவீத போனஸில் விமான மைல் வாங்கலாமா?

குடியாத்தத்திலிருந்து நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இதுதான். சிகாகோவில் இருக்கும் உங்கள் தங்கைக்கு வைகாசியில் பிரசவம்; அதற்கு அம்மாவையும் அப்பாவையும் அனுப்ப வேண்டும்; அப்பாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் அவ்வளவு நேரம் எகானமி இருக்கையில் காலை மடக்கி உட்காரவைக்க உங்களுக்கு மனம் வரவில்லை; பிசினஸ் கிளாஸ் கட்டணத்தைப் பார்த்தாலோ தலை சுற்றுகிறது. இந்த நேரத்தில் ஒன்றின் மைலை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும் விமான நிறுவனங்களின் கூட்டணியான ஸ்டார் அலையன்ஸைச் சேர்ந்த ஒரு வெளிநாட்டு விமான நிறுவனம், வாங்குகிற மைல்களுக்கு, அதாவது பணத்துக்குப் பதிலாகக் கொடுத்து டிக்கெட் எடுக்க உதவும் புள்ளிகளுக்கு, சமமாக இன்னொரு மடங்கைப் போனஸாகத் தருவதாக அறிவித்திருக்கிறது. விற்பனை முடிய நான்கு நாள்களே இருக்கின்றன, வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

அப்பா அம்மா இருவருக்கும் ஒரே விமானத்தில், உங்களுக்குத் தேவையான வாரத்தில், மைல் கொடுத்து எடுக்கக்கூடிய இரண்டு இருக்கைகளை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை வாங்க வேண்டாம் என்பதே என் பதில். பார்த்துவிட்டால், கணக்கும் ஒத்துவந்தால், தாராளமாக வாங்கலாம். இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் பல ஆண்டுகள் பயண ஏற்பாடுகளைக் கவனித்தவன் நான். மிலானுக்கும் ஹாங்காங்குக்கும் தோல் கண்காட்சிகளுக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்த பழக்கத்தில்தான் இந்த மைல் விவகாரத்தில் நல்லதையும் கெட்டதையும் கற்றுக்கொண்டேன்.

முதலில், விற்கப்படுவது என்ன பொருள் என்று தெரிந்துகொள்வது நல்லது. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தைத் தொடங்கியபோது மைல் என்பது உண்மையிலேயே பறந்த தூரத்தின் அளவாக இருந்தது. இன்று அது விமான நிறுவனம் தானே அச்சடிக்கிற ஒரு நாணயம். வங்கிகளுக்கும் கார்டு நிறுவனங்களுக்கும் மொத்தமாகவும், நம்மைப் போன்றவர்களுக்குச் சில்லறையாகவும் அதை விற்கிறார்கள். 2020இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் நிறுவனம் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை ஈடாகக் காட்டி 680 கோடி டாலரும், டெல்டா தன் ஸ்கைமைல்ஸ் திட்டத்தைக் காட்டி 900 கோடி டாலரும் திரட்டின. நம் ஊரில் நெருக்கடி வந்தால் நகை அடகுக்குப் போகும். அவர்களிடம் மைல் போயிற்று. அவ்வளவு மதிப்புள்ள வியாபாரம் அது. இந்த நாணயத்தை அச்சடிக்கிறவரும், அதைக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று விலை வைக்கிறவரும் ஒரே ஆள்தான். எந்தத் திட்டத்தின் விதிமுறையைப் படித்தாலும், எத்தனை மைலுக்கு எந்த டிக்கெட் என்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டிருப்பதையும், விலைக்கு வாங்கிய மைலுக்குப் பணம் திரும்பத் தரப்படாது என்பதையும் காணலாம்.

இனி விலைக்கு வருவோம். கீழே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கணக்கை உங்கள் திரையில் தெரியும் எண்களைக் கொண்டே போட வேண்டும். 1,000 மைலுக்கு 35 டாலர் வழக்கமான விலை என்றும், டாலர் 90 ரூபாய் என்றும் கொள்வோம். 75,000 மைல் வாங்கினால் 100 சதவீத போனஸோடு 1,50,000 மைல் கணக்கில் ஏறும்; விலை 2,625 டாலர், அதாவது 2,36,250 ரூபாய். இங்கேயே பலர் கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆனால் விற்பனை டாலரில் நடப்பதால் உங்கள் கார்டு வங்கி வெளிநாட்டுச் செலவுக்கான மார்க்கப் என்று ஒரு தொகையை எடுக்கும். பல கார்டுகளில் அது 3.5 சதவீதம், அந்த மார்க்கப்பின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 9,750 ரூபாய் ஆகும். ஆக நீங்கள் கட்டுவது 2,46,000 ரூபாய். ஒரு மைலின் அடக்கவிலை 1 ரூபாய் 64 காசு. மார்க்கப் குறைவாக உள்ள கார்டு வீட்டில் யாரிடமாவது இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று: பல நிறுவனங்களின் மைல் விற்பனையை விமான நிறுவனம் நேரடியாக நடத்துவதில்லை, இடையில் ஒரு தனி நிறுவனம் நடத்துகிறது; அதனால் கார்டில் அது விமானச் செலவாகப் பதிவாகாமல் போகலாம், பயணச் செலவுக்கு உங்கள் கார்டு தருகிற கூடுதல் பாயிண்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இதே எடுத்துக்காட்டில், சென்னையிலிருந்து சிகாகோவுக்கு ஒருவழி பிசினஸ் கிளாஸுக்கு ஒருவருக்கு 75,000 மைலும் 10,000 ரூபாய் வரியும் என்றால், ஒரு டிக்கெட்டின் அடக்கவிலை 1,33,000 ரூபாய். அதே ஒருவழி டிக்கெட்டைப் பணம் கொடுத்து வாங்கினால் 2,40,000 ரூபாய் என்று திரை காட்டும். ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம் என்று மனம் குதிக்கும். விற்பனை விளம்பரங்கள் எல்லாம் நம்மை இந்த இடத்தில்தான் கொண்டுவந்து நிறுத்துகின்றன. இந்த ஒப்பீட்டில் இரண்டு பிழைகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, வெளிநாட்டுப் பயணத்தில் ஒருவழிக் கட்டணம் போக வரக் கட்டணத்தில் பாதியாக இருப்பதில்லை. பெரும்பாலும் அதைவிட மிக அதிகமாகவே இருக்கும். உங்கள் பெற்றோர் எப்படியும் திரும்பி வரப்போகிறவர்கள். போக வரப் பிசினஸ் கிளாஸ் 3,60,000 ரூபாய்க்குக் கிடைக்குமானால், ஒருவழியின் நியாயமான பணவிலை 1,80,000தான். மிச்சம் 1,07,000 அல்ல, 47,000. இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. இந்த விற்பனை வந்திருக்காவிட்டால் நீங்கள் பிசினஸ் கிளாஸ் வாங்கியிருப்பீர்களா? உங்கள் கடிதத்தைப் படித்தால், எகானமியில்தான் அனுப்பியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. போக வர எகானமி 1,20,000 என்றால் ஒருவழிக்கு 60,000. அப்படியானால் இந்தப் போனஸ் விற்பனையில் நீங்கள் மிச்சம் பிடிக்கவில்லை. ஒருவருக்கு 73,000 வீதம், இருவருக்கும் சேர்த்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் 1,46,000 ரூபாய் கூடுதலாகச் செலவழிக்கிறீர்கள். அப்பாவின் முழங்காலுக்காக அந்தச் செலவைச் செய்வது தவறே இல்லை. நானாக இருந்தாலும் கையில் இருந்தால் செய்வேன். ஆனால் அதை மிச்சம் என்று நினைத்துக்கொண்டு செய்யக் கூடாது, செலவு என்று தெரிந்தே செய்ய வேண்டும். அந்தத் தொகைக்கு வேறு வழிகளும் இருக்கின்றன: பிரீமியம் எகானமி, இடையில் ஓர் இரவு தங்கிப் போகும் பயணம், கால் நீட்ட இடமுள்ள முன்வரிசை இருக்கை. சக்கர நாற்காலி உதவி எந்த வகுப்புக்கும் கிடைக்கும்; டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிட்டால் போதும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இருக்கை விஷயம்தான் இதில் உயிரானது. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குப் போகிறவர் மாட்டின் பல்லைப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசி முடித்த பிறகுதான் மடியை அவிழ்ப்பார். மைல் வாங்குகிறவர்கள் பணத்தை முதலில் கட்டிவிட்டு, மாடு வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விமான நிறுவனங்கள் ஒவ்வொரு விமானத்திலும் சில இருக்கைகளை மட்டுமே குறைந்த மைலுக்கு ஒதுக்குகின்றன. அதிலும் கூட்டாளி நிறுவனங்களுக்குக் கொடுப்பது இன்னும் குறைவு. சென்னையிலிருந்து பிராங்பர்ட் வழியாக லுஃப்தான்சாவில் போகலாம் என்பது வரைபடத்தில் சரி. ஆனால் லுஃப்தான்சா தன் சொந்த உறுப்பினர்களுக்குக் காட்டுகிற இருக்கைகள் எல்லாம் யுனைடெட் போன்ற கூட்டாளியின் உறுப்பினருக்குத் தெரியாது. ஓர் இருக்கை கிடைப்பது எளிது, அடுத்தடுத்து இரண்டு கிடைப்பது அரிது. சித்திரை, வைகாசி என்பது நம் ஊரில் பள்ளி விடுமுறை. குழந்தைகளோடு அமெரிக்காவுக்குப் போகிற தாத்தா பாட்டிகள் கூட்டம் அந்த மாதங்களில்தான் அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே இன்றிரவே செய்ய வேண்டியது இது. விற்பனை நடத்தும் நிறுவனத்தின் திட்டத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்குங்கள். கணக்கில் ஒரு மைல்கூட இல்லாவிட்டாலும் பெரும்பாலான திட்டங்களில் தேடிப் பார்க்க முடியும். இருவர் என்று போட்டு, நீங்கள் விரும்பும் நாளுக்கு முன்னும் பின்னும் பத்து நாள் வரை ஒவ்வொரு நாளாகத் தேடுங்கள். கிடைக்கிற பயணத்தை முதல் பக்கத்தோடு நம்பிவிடாமல், பயணிகளின் பெயர் போட்டு, வரி எவ்வளவு என்று காட்டும் கடைசிப் பக்கம் வரை கொண்டுபோங்கள். பட்டியலில் இருப்பதுபோல் காட்டி, பெயர் போட்டதும் காணாமல்போகும் இருக்கைகள் உண்டு. நீண்ட பயணத்தின் பெரும்பகுதி எகானமியாகவும், இரண்டு மணிநேர இணைப்பு விமானம் மட்டும் பிசினஸ் கிளாஸாகவும் வைத்து, முழுப் பயணத்துக்கும் பிசினஸ் மைலைக் கேட்கிற தந்திரமும் உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் எந்த வகுப்பு என்று பிரித்துப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் வருகிற வரித் தொகையையும் குறித்துக்கொள்ளுங்கள். யுனைடெட், அவியான்கா லைஃப்மைல்ஸ் போன்ற திட்டங்கள் எரிபொருள் சார்ந்த கூடுதல் கட்டணத்தைப் பயணியிடம் வாங்குவதில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்றவை வாங்குகின்றன, பிசினஸ் கிளாஸில் அது கணிசமான தொகை. மைல் எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று பார்த்து இதில் ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

சென்னையில் கிடைக்கவில்லை என்றால் பெங்களூரைத் தேடுங்கள். வேலூர்ப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இது ஒரு வசதி. இரண்டு பெரிய விமான நிலையங்களுக்கும் ஒரே நெடுஞ்சாலையில் நடுவில் இருக்கிறோம். பிராங்பர்ட் விமானம் இரண்டு ஊர்களிலிருந்தும் இருக்கிறது. பாரிஸுக்கு ஏர் பிரான்சும் ஆம்ஸ்டர்டாமுக்குக் கேஎல்எம்மும் பெங்களூரிலிருந்து பறக்கின்றன, ஆனால் அவை வேறு கூட்டணி, அவற்றுக்கு நீங்கள் வாங்கப் போகும் மைல் உதவாது. குடியாத்தத்திலிருந்து தேவனஹள்ளி போவது மீனம்பாக்கம் போவதைவிடத் தூரம்தான். முழங்கால் வலிக்காரரைக் காரில் உட்காரவைக்கும் அந்தக் கூடுதல் நேரத்தையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இருக்கையைப் பார்க்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவமே சாட்சி. ஒரு முறை, அடுத்த ஆண்டு கண்காட்சிக்கு எப்படியும் நான்கு பேர் போவார்கள் என்ற துணிச்சலில், போனஸ் விற்பனையில் நான்கு டிக்கெட்டுக்குக் கணக்காக மைல் வாங்கி வைத்தேன். சில மாதங்களில் அந்த விமான நிறுவனம், எந்தப் பயணத்துக்கு எத்தனை மைல் என்று சொல்லும் தன் மைல் அட்டவணையை மாற்றியது; நான்கு பேருக்கு வாங்கியது மூன்று பேருக்குத்தான் போதும் என்றாயிற்று. மூவருக்காவது எடுக்கலாம் என்றால், கண்காட்சி வாரத்தில் இருக்கை இல்லை. முதலாளி கோபப்படவில்லை. "மாடு வாங்குவதற்கு முன்னாலேயே கயிறு வாங்கிக் கொட்டகையில் தொங்கவிட்டுவிட்டாயே" என்று சிரித்தார். அதற்குப் பதில் கோபப்பட்டிருந்தாலே எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அட்டவணையை மாற்றியது ஒருவகை என்றால், அட்டவணையையே எடுத்துவிடுவது இன்னொரு வகை: டெல்டா 2015இலும் யுனைடெட் 2019இலும் தங்கள் மைல் அட்டவணைகளை நீக்கிவிட்டன, இப்போது ரூபாய்க் கட்டணம் ஏறி இறங்குவதுபோலவே மைல் விலையும் நாளுக்கு நாள் மாறுகிறது. நிறுவனமே நின்றுபோவதும் நடக்கும். 2012இல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரல் 17 இரவோடு ஜெட் ஏர்வேஸ் நின்றபோது அதன் பாயிண்ட் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் பாயிண்ட்கள் அழியவில்லை, இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறித் தொடர்ந்தன. ஆனால் அவற்றைச் சேர்த்தவர்கள் ஏறிப் போக நினைத்த ஜெட் விமானம்தான் இல்லை. காலாவதிக் கெடுவும் திட்டத்துக்குத் திட்டம் வேறு: யுனைடெட்டில் இப்போது கெடு இல்லை, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரில் மூன்று ஆண்டுகள்.

நான்கு நாளில் முடிகிறதே என்ற பதற்றம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. ஆடித் தள்ளுபடியாவது ஆண்டுக்கு ஒரு முறை வரும். மைல் தள்ளுபடி ஆண்டுக்குப் பல முறை வருகிறது. விகிதம் கொஞ்சம் கூடும், குறையும், அவ்வளவுதான். அதே விற்பனையில் உங்களுக்கு 100 சதவீதமும் உங்கள் மைத்துனர் கணக்கில் 60 சதவீதமும் காட்டுவதுகூட உண்டு. பெரிய போனஸ் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வாங்கினால்தான் கிடைக்கும். அந்த அளவை எட்டுவதற்காகத் தேவைக்கு மேல் வாங்குவது, போனஸைக் காட்டி விற்கிறவர் எதிர்பார்ப்பதைத்தான் நாம் செய்வதாகும். கணக்கில் ஏற்கெனவே 68,000 இருந்து 75,000 தேவைப்பட்டால், போனஸே இல்லாத நாளில்கூட அந்த 7,000ஐ வாங்குவது புத்திசாலித்தனம். ஏனென்றால் அந்த 7,000 மைல் முழு டிக்கெட்டையும் கொண்டுவருகிறது. ஒரு மைல்கூட இல்லாத கணக்கில் ஒன்றரை லட்சத்தை வாங்கி நிரப்புவது வேறு விஷயம்.

பணம் கட்டும் முன் உங்கள் தங்கையிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: அங்கே அவரிடமோ மாப்பிள்ளையிடமோ உள்ள கார்டுகளில் எவ்வளவு பாயிண்ட் சேர்ந்திருக்கிறது? அமெரிக்காவில் புதிதாகக் கார்டு எடுத்தாலே பல பத்தாயிரம் பாயிண்ட்களைத் தொடக்கப் போனஸாகத் தருவது வழக்கம்; சேஸ் வங்கியின் பாயிண்ட்களை யுனைடெட்டுக்கு மாற்றலாம். தங்கை தன் கணக்கிலுள்ள மைலைக் கொண்டு பெற்றோருக்கு டிக்கெட் எடுக்க முடியும். பெற்றோர் பெயரில் கணக்கே தேவையில்லை. ஒரு காசு செலவில்லாமல் பாதி வேலை முடிந்துவிடக்கூடும். உங்கள் இந்தியக் கார்டிலும் பாயிண்ட் இருந்தால், அதை மாற்றக்கூடிய திட்டங்களில் நீங்கள் பார்க்கிற நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் மாற்றிய பாயிண்ட் திரும்ப வராது, ஆகவே அங்கும் இருக்கையைப் பார்த்த பிறகுதான் மாற்ற வேண்டும்.

பெற்றோருக்கு விசா வந்துவிட்டதா என்பதை நீங்கள் எழுதவில்லை. சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை என்றால், நான் மேலே எழுதியதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அதை முதலில் பாருங்கள். மைல் டிக்கெட்டைக் கேன்சல் செய்தால் மைல் கணக்குக்குத் திரும்பும், சில திட்டங்களில் ஒரு கட்டணமும் பிடிப்பார்கள்; ஆனால் மைலுக்குக் கொடுத்த பணம் திரும்பாது. விசா மறுக்கப்பட்டால் ஒன்றரை லட்சம் மைலை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?

விசா இருக்கிறது, இருக்கையும் தெரிகிறது, கணக்கும் சம்மதம் என்றால், தாமதிக்காமல் வாங்குங்கள். ஆனால் முழுத் தொகையைக் கட்டுவதற்கு முன் அந்தத் திட்டத்தின் விதிகளில் மூன்று இடங்களைப் படியுங்கள். புதிதாகத் தொடங்கிய கணக்கில் உடனே மைல் வாங்க விடுகிறார்களா. வாங்கிய மைல் உடனே ஏறுமா அல்லது ஓரிரு நாள் ஆகுமா. உங்கள் கணக்கிலிருந்து யாருக்கெல்லாம் டிக்கெட் எடுக்கலாம். கிரிஸ்ஃப்ளையரில், எடுத்துக்காட்டாக, ஐந்து பேரை மட்டுமே அப்படி நியமிக்கலாம். மைல் ஏறத் தாமதமாகும் என்றால் அதற்குள் இருக்கை போய்விடலாம். சில திட்டங்களில் தொலைபேசியில் கேட்டால் இருக்கையைச் சில நாள் பிடித்துவைப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

முதலில் போகும் பயணத்தை மட்டும் மைலில் எடுங்கள். பேரக் குழந்தையை விட்டுவிட்டு எப்போது கிளம்புவார்கள் என்று இப்போதே சொல்ல முடியாது. திரும்பும் பயணத்துக்கு இன்னொரு விற்பனை வரக்கூடும், அதற்குள் தங்கையின் பாயிண்டும் சேர்ந்திருக்கும். ஆனால் திரும்பும் டிக்கெட்டைக் குடிவரவு அதிகாரி கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும் என்று நினைத்தால், தேதி மாற்றக்கூடிய போக வர எகானமி டிக்கெட்டையும் விலை கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பெயர் விஷயம். உங்கள் அப்பாவின் ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அவருடைய தந்தை பெயர் விரிவாகக் குடும்பப்பெயர் இடத்தில் இருக்கும், அல்லது அந்த இடமே காலியாக இருக்கும். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, இருக்க வேண்டும். குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால் அந்த நிறுவனம் எப்படி நிரப்பச் சொல்கிறது என்று கேட்டு அதன்படி நிரப்புங்கள். கூட்டாளி நிறுவனத்தின் விமானத்துக்கு மைலில் எடுத்த டிக்கெட்டில் பெயரைத் திருத்துவது பெரிய தொல்லை. பல நேரங்களில் கேன்சல் செய்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்வார்கள், அப்போது அந்த இருக்கை அங்கே இருக்காது.